நாயின் கண்ணும் நித்தியகல்யாணியும்

கலவானப் பகுதித் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டச் செல்லும் தொழிலாளிக்கு வழித்துணை அவர் வளர்க்கும் நாயே. அத்தகைய கிழநாய் ஒன்று எங்கள் பாடசாலை வாயிலிலும் படுத்திருந்தது. அதன் இடக்கண் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பிதுங்கி வந்தது. கல்லெறி பட்டது என்றனர் சிலர். கண்ணூறு என்றனர் வேறு சிலர். கண்ணுக்குப் பின்னே கட்டி வளர்ந்திருந்ததை மிருக வைத்தியரே கண்டு சொன்னார்.

அவ்விடத்தில் சீழ் கட்டினால் வீக்கம் விரைந்து தோன்றும். வாயைத் திறக்கவே நாய் அலறும். கட்டியோ பெரும்பாலும் நோவின்றி வளர்வது. அதனாலேதான் நாம் ஏமாந்து போகிறோம். பிந்தினால் கண்ணைக் கொடுத்து உயிரைக் காக்க வேண்டும். எங்கள் நாய்க்கு அதுவும் இயலவில்லை.

கண்குழிக் கட்டிகள் பலவகைப்படும். மூக்கில் தோன்றிக் கண்குழிவரை பரவுவனவும் உள. அரிதாக அவ்வாறு பரவும் ஒன்றின் வரலாறு வியப்புக்குரியது. அது நாய்க்கு நாய் தொற்றும் கட்டி. இணைசேரும்போதும், நக்கி மோந்து பார்க்கும்போதும் ஒட்டிக்கொள்வது. 1876இல் ருஷ்ய மிருக வைத்தியர் நொவின்ஸ்கி அதன் சிறு துண்டொன்றை வேறொரு நாயின் உடலிற் பதித்தார். அங்கும் அது வளர்ந்தது. புற்றுநோய் ஆராய்ச்சியில் அது புதுவழி திறந்தது. 43 நாடுகளிற் பெற்ற 546 கட்டிகளை ஒப்பிட்ட அறிஞர்கள், 2019இல் அதன் பிறப்பையும் வெளியிட்டனர். ஏறத்தாழ 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே நாயின் உயிரணுக்களே இன்றும் நாய்தோறும் தாவி வாழ்கின்றனவாம்! நாய் என்றோ மடிந்தது. அதன் நோய் மடியவில்லை.

இதற்கு மருந்து வந்த வழியோ வேறு. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட நித்தியகல்யாணி நம் வீட்டு முற்றங்களிலும் பூப்பது. 1952இல் அதன் இலைகள் யமேக்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்டன. நீரிழிவு மருந்தென்று எண்ணி நோபிள் என்பவர் சோதித்தார். எலிகளின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்து அவரும் பீயரும் ஒரு புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதே செடியிலிருந்து பின்னர் அமெரிக்காவிற் கிடைத்த வின்கிறிஸ்டின், 1963இல் மனிதர்க்கு அனுமதிக்கப்பட்டது. வாரமொரு ஊசியாகச் சில வாரங்கள் ஏற்றினால் தொற்றுக்கட்டியுள்ள நாய்களுட் பெரும்பாலானவை தேறுகின்றன.

எங்கள் நாய்க்கு வந்தது வேறு வகை. அந்த ஊசி அதற்குப் பயன்படாது. இதைக் கேட்டு யாரும் இலையை அரைத்துக் கொடுத்துவிட வேண்டாம், அது நஞ்சு. நாயின் தலையை மேலிருந்து நோக்குங்கள். ஒரு கண் மற்றதைவிட முன்தள்ளி நின்றால், அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.