சிறைக்கோட்டத்துப் பேய்கள்



பழஞ்சிறை ஒன்றில் ஆவி உலவுவதாகக் கதை அமைத்த திகில் படங்கள் சில உண்டு. வெள்ளையர் ஆட்சிக் காலம். ஈரம் கசியும் சுவர். இரும்புக் கதவின் ஓசை. நள்ளிரவிலே எங்கிருந்தோ ஒரு முனகல். இவற்றைப் பார்த்துவிட்டு வரும் மாணவர், "இவையும் வரலாற்றுப் படங்கள்தாமா?" என்று கேட்பது இயல்பு. உடையும் விளக்கும் வரலாற்றுக்குரியவை, சிறையதிகாரியின் தொப்பியும் சவுக்கும் வரலாற்றுக்குரியவை, பேய் மட்டும் கற்பனை என்று விடை கூறிவிடலாம். நான் அவ்வாறு கூற மாட்டேன். அத்தகைய படங்களில் தொப்பியும் உடையும்தான் பல வேளைகளில் தவறாக இருக்கின்றன. வரலாற்றுக்கு மிக அருகில் நிற்பது பேயே என்பது என் எண்ணம். இதனைச் செங்கற்பட்டையும் அதற்குக் கிழக்கே உள்ள மாமல்லைக் கடற்கரையையும் கொண்டு விளக்க முயல்கின்றேன்.

தமிழ்த் திரையுலகம் பேயைப் பெரும்பாலும் மாளிகையிலேதான் குடிவைத்தது. 2005இல் வெளிவந்த 'சந்திரமுகி'யை எண்ணிப் பாருங்கள். ஆடல் மகள் ஒருத்தியை அரசன் வலிந்து கொண்டுவந்து தன் அரண்மனையில் வைக்கின்றான்; அவள் காதலனைக் கொல்கின்றான்; அவளையும் எரிக்கின்றான். கதை நிகழும் இடம் மாளிகை, நிகழ்ந்ததோ சிறைவாசம். 1996இல் வந்த 'சிறைச்சாலை' என்னும் படம் அந்தமான் சிறைக்கே நம்மை அழைத்துச் சென்றது. அதிலே பேய் இல்லை. அந்தமான் கைதிகளிற் பலர் தம் கதையைத் தாமே எழுதி வைத்தவர்கள். எழுதி வைத்தவன் பேயாக வரவேண்டிய தேவை என்ன?

பேய் என்றால் என்ன என்பதைத் தொண்டை மண்டலத்தார் நன்கு அறிவர். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நீலி கதை அவர்களுடையது. கணவனால் கொலையுண்ட ஒரு பெண் பேயாகின்றாள். மறுபிறவியிலே வணிகனாக வந்த அவனைத் தொடர்கின்றாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலே ஏந்திக்கொண்டு பழையனூர் வேளாளர் அவையிலே முறையிடுகின்றாள். அவையோர் எழுபதின்மர், அவனுக்குக் கேடு வந்தால் தம் உயிரைத் தருவதாகப் பிணை நின்று, அவனை அவளோடு அனுப்புகின்றனர். இரவிலே அவன் மாள்கின்றான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்கின்றனர். இக்கதையைக் கேட்ட நாம் வேளாளரின் வாய்மையைப் போற்றினோம். போலி அழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்று பெயரும் வைத்தோம். முதலில் கொலை செய்யப்பட்டவள் அவள்தான் என்பதை மொழியே மறந்துவிட்டது! இருப்பினும் கதை ஒன்றை மறக்கவில்லை. பேய் கழுத்தை நெரிக்க வருமுன் அவைக்கு வந்தது. உயிரோடு இருந்தபோது கேட்பாரில்லாத வழக்கை எடுத்துக்கொண்டு வந்தது. நாட்டுக் கதையிலே பேய் ஒரு வழக்காளி.

இனிச் செங்கற்பட்டுக்கு வருவோம். செங்கழுநீர் மலர் மிகுந்திருந்தமையால் இவ்வூர் செங்கழுநீர்ப்பட்டு எனப் பெயர் பெற்றது என்பர். கொளவாய் ஏரியின் கரையிலே, நீரும் சதுப்புமே பாதி அரணாகும்படி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர மரபினனாகிய திம்மராசன் இங்குள்ள கோட்டையைக் கட்டினான் என்று மாவட்ட வரலாறு கூறும். இன்று சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இரயில் ஏரியை ஒட்டி ஓடும்போது பயணிகள் நீரைத்தான் பார்க்கின்றனர்.

1752இல் இராபர்ட் கிளைவு இக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினான். அதற்குமுன் கடற்கரையிலே கோவளத்துக் கோட்டையைப் பிடித்தான். அவனிடம் இருந்தவர்கள் புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்களும், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய 200 பேரும். கோவளத்துக் கோட்டையிலிருந்து வந்த ஒரே குண்டு ஒருவனைக் கொல்ல, மற்றவர் முதுகு காட்டி ஓடினர். இன்னொரு முறை பீரங்கி ஓசை கேட்ட காவற்காரன் ஒருவன் மறைந்து போனான்; சில நாழிகை கழித்து அவனைக் கிணற்றடியிலே கண்டெடுத்தனர். இதனை எழுதிய மெக்காலே நகைச்சுவையாகவே எழுதுகின்றார். எனக்கு அந்தக் கிணற்றிலிருந்தவன்மேல் இரக்கமே உண்டாகின்றது. பேர் இல்லை, ஊர் இல்லை. அச்சம் ஒன்றே அவனுடைய வரலாறு. கோவளம் வீழ்ந்ததை அறியாது உதவிக்கு வந்த படையைக் கிளைவு மறைந்திருந்து தாக்கினான்; நூறு பேர் மடிந்தனர், முந்நூறு பேர் சிறைப்பட்டனர். அம்முந்நூறு பேர் பின்னர் என்ன ஆயினர் என்று மெக்காலே ஒரு வரியும் எழுதவில்லை. கிளைவு செங்கற்பட்டுக்கு விரைந்துவிட்டான். எழுதுபவரின் எழுதுகோலும் அவன் பின்னே விரைந்துவிட்டது.

அடுத்த காட்சி 1780. செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் அழித்தனர். ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படையிற் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். பக்கத்திலே காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி ஹெக்டர் மன்ரோ, பெரிய பீரங்கிகளைக் குளத்திலே தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். சிறைப்பட்ட வெள்ளையர் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெய்லி 1782இல் சிறையிலேயே இறந்தார். அவரோடு சிறைப்பட்ட டேவிட் பெயர்டு என்பவர் 1784இல் விடுதலை பெற்று, 1799 மே 4ஆம் நாள் அதே கோட்டையின்மீது நடந்த இறுதித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார். கூலி கொடுத்து எழுதுவித்தாலும் கதாசிரியன் இத்தகைய திருப்பத்தை எழுதத் தயங்குவான்.

அச்சிறையைப் பற்றி வெள்ளையர் பலர் நூல் எழுதினர். விலங்கு, பசி, நோய், நஞ்சு வைப்பார்களோ என்ற அச்சம் ஆகிய எல்லாம் அவற்றில் உண்டு. இங்கிலாந்தின் மக்கள் அவற்றை நடுங்கிக்கொண்டே படித்தனர். திப்புவை ஓர் அரக்கனாகவே கருதினர். 1799ஆம் ஆண்டுப் போருக்கு இந்நடுக்கமும் துணையாயிற்று. சிறைத் திகில் ஆட்சியாளருக்கு நல்லதோர் ஆயுதம் என்பதை முன்பே வங்காளம் காட்டியிருந்தது. 1756இல் கல்கத்தாவின் 'இருட்டறை'யிலே 146 பேர் ஓரிரவு அடைக்கப்பட்டு 23 பேரே பிழைத்தனர் என்று ஹால்வெல் எழுதினார். அடைக்கப்பட்டோர் தொகை அதிற் பாதிக்கும் குறைவாகவே இருக்கும் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். இறந்தவர் பாவம், இறந்தவரே. அதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய பேயைக் கொண்டு ஒரு பேரரசு கட்டப்பட்டது. ஆகவே திரையிலே சிறைப்பேயைக் காணும்போது, இது யாருடைய பேய், யாருக்காக அழுகின்றது என்று கேட்டுப் பழகுங்கள்.

சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இளஞ்சிறுவரும் இருந்தனர். 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுஃப்ரேன், தான் கடலிலே பிடித்த ஆங்கிலேயர் சில நூற்றுவரை ஐதரிடம் ஒப்படைத்துவிட்டான். அதே ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அவன் ஆங்கிலக் கப்பல்களோடு பொருதது நம் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே உள்ள கடலில்தான். ஒப்படைக்கப்பட்டோருள் ஜேம்ஸ் ஸ்கர்ரி என்ற கப்பற் சிறுவன் ஒருவன். பத்தாண்டு சிறைப்பட்டிருந்து தப்பியோடினான். அவன் கூறிய கதை 1824இல் இலண்டனிலே நூலாக வந்தது. அவனைப் போல் எழுதத் தெரிந்தவனுக்கு நூல் உண்டு. பெய்லியின் சிப்பாய்களுக்கு நூல் இல்லை.

சதுரங்கப்பட்டினத்துக்குச் செல்வோர் இவ்வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, ஒல்லாந்தரின் செங்கற்கோட்டை சிதைந்து நிற்கின்றது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. 17, 18ஆம் நூற்றாண்டுக் கற்கள். பூவேலையும் எழுத்தும் அவ்வளவு நேர்த்தி. யார், எந்த நாள் பிறந்தார், எந்த நாள் இறந்தார் என்று கல் பேசுகின்றது. அதே ஒல்லாந்தக் கம்பெனி இச்சோழமண்டலக் கரையின் துறைகளிலிருந்து, பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளிலெல்லாம், ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பதேவியாவுக்கும் ஏற்றியது. அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. சதுரங்கப்பட்டினத்திலே பேய் உண்டென்றால், பெயர் பொறித்த கல்லின் கீழே துயில்பவர் எதற்காக எழுந்து வரப்போகின்றார்?

இனி, சிறைக்கோட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர்க்கு நினைவு வர வேண்டியவள் மணிமேகலை. புகாரிலே சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவள் அவள். பின்னர்க் காஞ்சி வறண்டு கிடந்தபோது அங்கே வந்து அமுதசுரபியால் பசிப்பிணி தீர்த்தவள். அக்காஞ்சியை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சத்தில் வாடியது. அப்போது இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் நாட்கூலியை ஓர் இராத்தல் தானிய அளவுக்குக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஊரிலே பட்டினி, சிறையிலே அளந்தேனும் சோறு. ஆகவே தானியம் திருடிச் சிறைக்குப் போனவர் பலர். சிறைக்குப் போவதற்காகவே திருடியவரும் உண்டு. மணிமேகலை கேட்டதை அரசன் கொடுத்தான். இங்கே யாரும் கேளாமலே சிறைக்கோட்டம் சோற்றுக்கோட்டமாயிற்று. மெலிந்த உடலோடு உள்ளே வந்தவர்களை நோய் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயிற்று. பஞ்சத் தொழிலாளர் 1877, 78இல் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துத் தோண்டிய கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை இட்டனர். அக்கால்வாய்த் தொடர்தான் தெற்கே கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகச் செல்கின்றது. வெட்டியவர் பெயர் எதற்கும் இடப்படவில்லை.

செங்கற்பட்டுக் கோட்டை இறுதியிலே சிறுவர்க்கு உரியதாயிற்று. குற்றம் செய்த சிறாரைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கலாகாது, தனியே வைத்துக் கைத்தொழில் பயிற்ற வேண்டும் என்று 1876இல் ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டமே. அதன்வழிச் சீர்திருத்தப் பள்ளி 1887இல் இக்கோட்டையிலே அமைந்தது. திம்மராசன் எழுப்பிய மதிலுக்குள், பிரெஞ்சுக்காரரும் கிளைவும் மன்ரோவும் தங்கிச் சென்ற மதிலுக்குள், மாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த சிறுவர் வளர்ந்தனர். இந்தக் கோட்டையின் வரலாற்றில் நான் மிக விரும்பிப் படிக்கக்கூடிய பகுதி அதுவாகத்தான் இருக்கும். தளபதிகளின் கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. பத்து வயதிலே அங்கு வந்து, இரவிலே ஏரிக்காற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த ஒரு சிறுவனின் கடிதம் கிடைத்தால், அக்கட்டுகள் எல்லாவற்றையும் அதற்கு ஈடாகக் கொடுத்துவிடலாம்.

சிறைப்பேய்ப் படம் எடுக்க விரும்பும் இளைஞர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு சொல். கிளைவின் ஆவியையும் பெய்லியின் ஆவியையும் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு நூலகம் உண்டு. கிணற்றடியிலே கிடந்தவனை எடுங்கள். ஒருபடி கேழ்வரகுக்காகச் சிறை புகுந்தவளை எடுங்கள். அந்தப் பத்து வயதுச் சிறுவனை எடுங்கள். ஆனால் இவையெல்லாம் முடிந்துபோன காலம் என்று எண்ணி, வெள்ளைக்கார அதிகாரியின் தொப்பியோடு கதையை முடித்துவிடாதீர்கள்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், செங்கற்பட்டில் உள்ள சிறுவர் கூர்நோக்கு இல்லத்திலே 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். சிறு திருட்டுக் குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்டு அங்கே அனுப்பப்பட்டவன். அடித்ததனால் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, இல்லத்தின் ஊழியர் சிலர் கைது செய்யப்பட்டனர். தமிழ்நாட்டு அரசு, இத்தகைய இல்லங்களின் நிருவாகத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2023 நவம்பரில் அளிக்கப்பட்டது. ஸ்கர்ரி பத்தாண்டுச் சிறைக்குப் பின் தப்பி ஊர் சேர்ந்தான், தன் கதையைத் தானே சொன்னான். இச்சிறுவன் அவ்வில்லத்திலே இருந்தது சில நாட்களே.