நம்பேயோவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இன்னைக்கு ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் புவெப்லோ மக்களைப் பற்றி முன்பு பேசினப்போ, "மறைஞ்சுபோன பானைக் கலையை ஒரு தொல்லியல் ஆய்வாளர் மீட்டுக்கொடுத்தார்"னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். அது தப்பு. எங்கே தப்புன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

இடம், அரிசோனா மாநிலத்தில் ஹோப்பி மக்களின் ஃபர்ஸ்ட் மெஸா. உச்சி தட்டையான பாறை மேடு. அதன் மேலே ஹானோ என்று ஒரு சின்ன ஊர். ஸ்பானியர்களுக்கு எதிராக 1680இல் புவெப்லோ மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள் இல்லையா? அதற்குப் பிறகு ரியோ கிராண்டே பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தேவா மக்களின் ஊர் அது. அங்கே 1860வாக்கில் பிறந்தவர் நம்பேயோ. அம்மா தேவா, மக்காச்சோளக் குலம். அப்பா ஹோப்பி, பாம்புக் குலம். நம்பேயோ என்றால் 'கடிக்காத பாம்பு' என்று பொருள்.

ஃபர்ஸ்ட் மெஸாவிலிருந்து சில மைல் தூரத்தில் சிக்யாட்கி என்று ஒரு பாழூர். 'மஞ்சள் வீடு' என்று அர்த்தம். ஸ்பானியர்கள் வருவதற்கு முந்தைய காலத்தில் அங்கே அருமையான பானைகள் செய்தார்கள். நிலக்கரியில் சுட்டதால் வந்த இளமஞ்சள் நிறம். அதன் மேல் பறவைகளின் சிறகு, வளைந்த அலகு, இறகு எல்லாம் கோடுகளாக உருமாறி ஓடும். நம்பேயோ சிறுமியாக இருந்தபோது ஹோப்பி பானைகளின் பாணியே வேறு. மேலே வெள்ளைப் பூச்சு, அதில் மெல்லிய விரிசல்கள், பக்கத்து ஜூனி மக்களின் சாயலில் படங்கள்.

1895இல் ஸ்மித்சோனியன் சார்பில் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் சிக்யாட்கியைத் தோண்டினார். நான் அன்னைக்கு சொன்ன கதை இதுதான்: நம்பேயோவின் கணவர் லெசூ அங்கே கூலி வேலை பார்த்தார், பானைகளைக் காட்டினார், நம்பேயோ பார்த்து வரைந்தார், கலை உயிர்த்தது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் 1996இல் பார்பரா கிராமர் எழுதிய நூல் உட்பட, பிறகு வந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. அகழாய்வுக்கு முன்பே நம்பேயோ அந்தப் பாணியில் செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஓட்டாஞ்சில்லுகளே போதுமானதாக இருந்தன. பாழூர் நிலத்தில் அவை சிதறிக் கிடந்தன. அந்தப் பகுதி வியாபாரி தாமஸ் கீமும் பழைய பாணிப் பானைகளைச் செய்யச் சொல்லி ஊக்குவித்து வந்தார்.

ஃப்யூக்ஸின் முகாமுக்கு வந்து நம்பேயோ படங்களை நகல் எடுத்தது உண்மைதான். ஆனால் நகல் எடுத்ததோடு நிற்கவில்லை. யோசிச்சுப் பாருங்க, அந்த ஊரில் பானைச் சக்கரமே கிடையாது. மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, கையால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். யூக்கா இலையின் நுனியை மென்று நாராக்கினால் அதுதான் தூரிகை. ஒரு காட்டுச் செடியை வேகவைத்து வற்றவிட்ட சாற்றில் இரும்புக்கல் பொடியைக் குழைத்தால் கறுப்பு மை. சுடுவதற்குக் காய்ந்த ஆட்டெரு. அந்த ஆடுகளும் ஸ்பானியர்கள் கொண்டுவந்தவைதான்! தோள் அகன்ற, குட்டையான ஜாடி செய்து, தோள்பகுதியில் மட்டும் வரைந்து, மீதியை வெறுமனே விட்டுவிடுவார். அந்த வெற்றிடத்தையும் அளந்துதான் விட்டிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லணும். ஃப்யூக்ஸ் எடுத்த பானைகளில் பல, இறந்தவர்களோடு புதைக்கப்பட்டவை. அவை கல்லறைகளிலிருந்து வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. 'மீட்டுக்கொடுத்தார்' என்று நான் சொன்ன வார்த்தை இங்கேதான் உறுத்துது. யார்கிட்ட இருந்து எடுத்து, யாருக்குக் கொடுத்தார்?

1905இல் கிராண்ட் கேன்யனில் திறந்த 'ஹோப்பி ஹவுஸ்' கடையில் நம்பேயோ சுற்றுலாப் பயணிகள் முன்னால் பானை செய்து காட்டினார். அவர் படம் ரயில் விளம்பரங்களில் வந்தது. அவரோ பானையில் கையெழுத்துப் போட்டதில்லை. 'நம்பேயோ செய்தது' என்று கடைக்காரர்கள் ஒரு காகிதச் சீட்டு ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

பிறகு அவருக்குப் பார்வை மங்கியது. கிட்டத்தட்ட எதுவும் தெரியாத நிலையிலும் விரல்களால் தடவித் தடவிப் பானை வனைந்தார். லெசூவும் மகள்களும் வரைந்தார்கள். மகள் ஃபேனி, அம்மா வனைந்து தான் வரைந்த பானைகளில் 'நம்பேயோ ஃபேனி' என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதினார். 1942இல் நம்பேயோ இறந்தார். அவருடைய வம்சத்தில் இன்றும் பானை செய்கிறார்கள்.

பேரை எப்படிப் போடணும்னு ஃபேனிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் ஒரு எபிசோட் தாமதமா புரிஞ்சுது. அடுத்த வாரம் பார்ப்போம்.