இருநூற்றைம்பது ஓம்

ஓசூரின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் வண்டியில் தொடங்கிக் கைக்கடிகாரத்தில் முடிப்பார்கள். 1980ல் டிவிஎஸ் 50 இங்கிருந்து வெளிவந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டனும் வந்து சேர்ந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த வரலாற்றில் பாய்லர் அறை வராது, பெயின்ட் ஷாப் சூளை வராது, கழிவுநீர்த் தொட்டி வராது. இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்குகளான எங்கள் வாழ்க்கை கழிந்தது அங்கேதான்.

அழுத்தத்தையோ தொட்டியின் மட்டத்தையோ அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் இரண்டு ஒயர்களில், அதைச் சோதித்துச் சரிசெய்யும் கையடக்கக் கம்யூனிகேட்டரை மாட்டி, பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கும்போது திரையில் வரும் ‘நோ டிவைஸ் ஃபவுண்ட்’ என்ற வரியைப் பார்க்காத மெக்கானிக் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கிடையாது. அந்த ஒரு வரியை நம்பி இந்தப் பகுதியில் எத்தனையோ நல்ல டிரான்ஸ்மிட்டர்களைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள். கருவி நன்றாகத்தான் இருந்தது. கோளாறு ஒயரில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வித்தை இங்கே எப்படி வளர்ந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் காற்றுதான் இருந்தது. பழைய கருவிகள் 3 முதல் 15 பிஎஸ்ஐ வரையிலான காற்றழுத்தத்தைச் செம்புக் குழாய் வழியாக அனுப்பும். கசிவைப் பிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவை குறைந்து, 4 முதல் 20 மில்லி ஆம்பியர் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் பரவியிருந்தன. தொட்டி காலியென்றால் 4, நிரம்பினால் 20. ஒயர் அறுந்தால் 0 காட்டும், உடனே தெரிந்துவிடும். மூடியைத் திறந்தால் ஜீரோவுக்கு ஒரு திருகு, ஸ்பேனுக்கு ஒரு திருகு. ஸ்க்ரூடிரைவரும் மல்டிமீட்டரும் இருந்தால் எல்லாம் நம் கையில்.

பிறகு திருகு இல்லாத, கைக்கருவியோடு பேசும் கருவிகள் வந்தன. ஹனிவெல் 1983லேயே எஸ்டி 3000 என்ற ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுவந்திருந்தது. எண்பதுகளின் நடுவில் ரோஸ்மவுன்ட் நிறுவனம் இந்தப் பேச்சுக்கு ஹார்ட் என்ற முறையை உருவாக்கி, பிறகு எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 1993ல் அதற்கென்று தனி அமைப்பே உருவானது. பெங்களூர் போகும் இதே ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் யோகோகாவாவோ பிரெயின் என்ற தன் சொந்த முறையை வைத்திருந்தது. ஒரு கம்பெனியின் கைக்கருவி இன்னொரு கம்பெனியின் டிரான்ஸ்மிட்டரோடு பேசாது. யோகோகாவாவின் இஜேஏ வரிசையில் மாடல் நம்பரை அடுத்து வரும் எழுத்து ‘டி’ என்றால் பிரெயின், ‘இ’ என்றால் ஹார்ட். பெயின்ட் அடித்து மறைந்துபோன பெயர்ப்பலகையைச் சுரண்டி அந்த ஓர் எழுத்தைப் படித்திருந்தால் மிச்சமாகியிருக்கும் வேலைநாட்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஹார்ட் செய்வது இதுதான். அதே 4–20 ஓட்டத்தின் மேல் இரண்டு அலைவரிசைகளை ஏற்றி அனுப்பும். 1200 ஹெர்ட்ஸ் என்றால் 1, 2200 ஹெர்ட்ஸ் என்றால் 0. பெல் 202 என்ற பழைய தொலைபேசி மோடத்திலிருந்து எடுத்த முறை. ஏற்றம் அரை மில்லி ஆம்பியர், இறக்கம் அரை மில்லி ஆம்பியர். சராசரி பூஜ்யம் என்பதால் அளவு கெடாது. இந்தச் சின்ன ஏற்ற இறக்கம் மின்னழுத்தமாக மாறினால்தான் கம்யூனிகேட்டருக்குக் கேட்கும். அதற்கு லூப்பில், அதாவது ஓட்டம் சுற்றிவரும் ஒயர்ப்பாதையில், ஏறக்குறைய 250 ஓம் மின்தடை வேண்டும். தடை எதுவும் இல்லாமல் 24 வோல்ட் பவர் சப்ளையின் முனைகளிலேயே கிளிப்பை மாட்டினால், சப்ளை அந்த அலையை அப்படியே விழுங்கிவிடும்.

பழைய பேனல்களில் இந்தத் தடை தானாகவே இருந்தது. காகிதச் சுருளில் கோடு போடும் ரெக்கார்டர்கள் 1 முதல் 5 வோல்ட் வரை கேட்கும். அதற்காக ஒவ்வொன்றின் பின்னாலும் 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் திருகியிருப்பார்கள்: 4 மில்லி ஆம்பியருக்கு 1 வோல்ட், 20க்கு 5 வோல்ட். ஹார்ட்டுக்காக யாரும் அதை வைக்கவில்லை. ஆனால் ஹார்ட் அதை நம்பித்தான் வாழ்ந்தது. பேனல்களைக் கழற்றிப் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியை வைக்கத் தொடங்கியபோது ரெக்கார்டரோடு ரெசிஸ்டரும் போனது. பிஎல்சி கார்டுகள் பலவற்றில் உள்தடை அதைவிட மிகவும் குறைவு. திரையில் அளவு சரியாக வந்தது, கம்யூனிகேட்டர் மட்டும் ஊமையானது. முதலில் கைக்கருவியைச் சந்தேகப்பட்டார்கள், அடுத்து டிரான்ஸ்மிட்டரை.

எங்கள் போர்மேன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், பெங்களூர் போனால் கன்னடம். “தம்பி, அந்தப் பெட்டியை மூடு. கருவியைக் குறை சொல்றதுக்கு முன்னால லூப்புல எத்தனை ஓம் இருக்குன்னு பாரு” என்பார். பெங்களூர் எஸ்பி ரோட்டில் அரை வாட் ரெசிஸ்டர்களை வாங்கிவந்து, இரண்டு பக்கமும் முதலைக் கிளிப் வைத்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதை நுழைப்பதற்கு முன் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி லூப்பை மேனுவலில் போடச் சொல்வார். சொல்லாமல் ஒயரைப் பிரித்தால் அளவு பூஜ்யத்துக்கு விழும், பாய்லர் டிரிப் ஆகும்.

அவரிடம் இன்னொரு சாமானும் இருந்தது: பழைய ரேடியோ கிட்டில் வரும் கிரிஸ்டல் இயர்போன், நடுவில் ஒரு கெப்பாசிட்டர். அதை லூப்பின் இரண்டு ஒயர்களில் வைத்துவிட்டு என்னைக் கம்யூனிகேட்டர் பட்டனை அழுத்தச் சொல்வார். 1200ம் 2200ம் காது கேட்கும் அலைகள்தானே. கைக்கருவி கேள்வி கேட்கும்போது மெல்லிய கிறீச்சொலி ஒன்று வரும். டிரான்ஸ்மிட்டர் பதில் சொன்னால் அடுத்து இன்னொன்று. இரண்டும் கேட்கவில்லையென்றால் லூப்பில் தடை இல்லை. கேள்வி மட்டும் கேட்டால் டிரான்ஸ்மிட்டர் பதில் சொல்லவில்லை. ‘ம்ர்ர்’ என்ற இரைச்சல் இரண்டையும் மூடினால் பக்கத்தில் ஏதோ மோட்டார் டிரைவ் ஓடுகிறது. கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்திருப்பார்கள், ஒரு முனையைப் பிரிக்க வேண்டும். ஆஸிலோஸ்கோப் வாங்க வசதியில்லாத ஊரில் இதைவிட நேர்த்தியான சோதனையை நான் பார்த்ததில்லை.

ஓசூர் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் ஊர் அல்ல. ஒரு சிறிய ஆலையில் பத்துப் பதினைந்து டிரான்ஸ்மிட்டர் இருந்தாலே அதிகம். அதற்காகச் சில லட்சம் கொடுத்துக் கம்யூனிகேட்டர் வாங்க எந்த முதலாளி சம்மதிப்பார்? அதனால் ஒரே கைக்கருவி ஆலை ஆலையாகச் சுற்றியது. சொந்தமாக வைத்திருந்த பெரிய ஆலையின் மெயின்டனன்ஸ் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை கொடுத்து அனுப்புவார், திங்கள் காலை ஷிப்ட்டுக்கு முன் திரும்பியிருக்க வேண்டும். பழைய 275 மாடல் கம்யூனிகேட்டருக்குப் புதிய டிரான்ஸ்மிட்டரின் விவரக்கோப்பை ஏற்ற வேண்டுமானால் சர்வீஸுக்கு அனுப்பித்தான் வாங்கினோம். பெங்களூரிலிருந்து கருவியைக் கொண்டுவந்தால் ஜூஜூவாடி வணிகவரிச் சோதனைச் சாவடியில் டெலிவரி சலானை நீட்டி, இது விற்பனைச் சரக்கல்ல, திருப்பித் தரவேண்டிய பொருள் என்று விளக்க வேண்டியிருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகுதான் அந்தத் தொல்லை நின்றது. ஆனால் கருவி சுற்றியதால் அறிவும் சுற்றியது. ஓர் ஆலையில் கற்றது மறுவாரம் இன்னோர் ஆலையில் உதவியது. இந்தப் பகுதி மெக்கானிக்குகளுக்கு லூப்பைப் பற்றிய ஞானம் ஆழமாக இருந்தது அதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சால்வென்ட் கையாளும் ஓர் ஆலையில் நடந்தது. தீப்பொறி ஆபத்துக்காக லூப்பில் ஜீனர் பேரியர் வைத்திருந்தார்கள். அதன் தடை 300 ஓம். நம் 250ஐயும் சேர்த்தால் 550. காலையில் தொட்டி காலியாக இருக்கும்போது கம்யூனிகேட்டர் அழகாகப் பேசியது. மாலையில் தொட்டி நிரம்ப நிரம்பத் தொடர்பு அறுந்தது. டிரான்ஸ்மிட்டரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். போர்மேன் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். பவர் சப்ளை பழுதாகி 20 வோல்ட்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. 4 மில்லி ஆம்பியரில் 550 ஓம் எடுப்பது 2.2 வோல்ட், மீதி 17.8. 20 மில்லி ஆம்பியரில் எடுப்பது 11 வோல்ட், மீதி 9. அந்த டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்க 10.5 வேண்டும். சப்ளையை மாற்றினோம். டிரான்ஸ்மிட்டர் பல வருடம் ஓடியது.

கிருஷ்ணகிரிப் பக்கம் கோளாறு வேறு விதம். அங்கே மாங்கூழ் ஆலைகள். பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் ஜூன், ஜூலையில் இரவு பகலாக ஓடும், பிறகு மாதக்கணக்கில் பூட்டியிருக்கும். ஓடும்போது தினமும் எவாப்பரேட்டர் மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். டிரான்ஸ்மிட்டரில் கேபிள் நுழைய இரண்டு துளை உண்டு. பயன்படாத துளையில் கம்பெனியிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூடி போக்குவரத்துக்கு மட்டுமே. அதை எடுத்துவிட்டு உலோக மூடி போட வேண்டும். யாரும் போடுவதில்லை. உள்ளே தண்ணீர் இறங்கி முனைகளுக்கு இடையே மின்சாரம் கசியும். கம்யூனிகேட்டர் விட்டுவிட்டுப் பேசும். பேசுகிற நேரத்தில் டிரான்ஸ்மிட்டர் தான் அனுப்புவது 4.00 என்று சொல்லும், மல்டிமீட்டர் 4.60 காட்டும். வித்தியாசமான 0.60 தண்ணீர் வழியாகப் போகிறது. மூடியைத் திறந்து துடைத்துக் காயவைத்து, சரியான மூடியைப் போட்டால் தீர்ந்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிரான்ஸ்மிட்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு பல கருவிகளை ஒரே ஜோடி ஒயரில் கோர்த்திருந்த இடத்திலிருந்து வந்தவை 0 அல்லாத முகவரியோடு வரும். பழைய ஹார்ட் கருவியென்றால் ஓட்டம் 4லேயே நின்றுவிடும், கம்யூனிகேட்டரும் 0வில் மட்டும் தேடிவிட்டு இல்லையென்று சொல்லும். 1 முதல் 15 வரை தேடச் சொன்னால் எழுந்துவரும்.

இப்போது சூளகிரிப் பக்கம் புதிய ஆலைகளில் பையன்கள் ப்ளூடூத் மோடத்தை மாட்டிப் போனிலேயே ரேஞ்சை மாற்றுகிறார்கள். 2007ல் வந்த ஹார்ட் 7 கருவியை என் பழைய கம்யூனிகேட்டரில் மாட்டினால் முழு மெனு வராது, பொதுவான மெனு மட்டும் வரும். டேக், ரேஞ்ச், ஓட்டம் பார்க்க அதுவே போதும். ஒயர் மாறவில்லை, 250 ஓமும் மாறவில்லை.

எங்கள் போர்மேன் ஒவ்வொரு பேனல் கதவின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டுவார். லூப் எண், மொத்த ஓம், 20 மில்லி ஆம்பியரில் டிரான்ஸ்மிட்டர் முனையில் இருக்கும் வோல்ட், அளந்த தேதி. சிப்காட் இரண்டாம் கட்டத்தில் சில ஆலைகளில் அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன. பேனல் மாற்றும் கான்ட்ராக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்வது, கதவைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தத் தாளைப் போனில் ஒரு படம் எடுத்து ஆலைக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான்.