கீபோர்டு ஏறிய மேடை: மின்னணு இசைக்கு மேற்குச் சென்னைப் புறநகர் தந்த வரவேற்பு

1. பொருளும் எல்லையும்

ராக் குழுவில் வாசித்துப் பழகியவர்கள் சிந்தசைசரை முன்னிறுத்தி ஓர் ஆல்பம் தந்தால், விமர்சகர் ஒன்று சொல்வதும் ரசிகர் வேறொன்று சொல்வதும் உலகெங்கும் வழக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்த வழக்கு இசை இதழ்களில் நடந்தது. அதை ஆராய்பவருக்குப் பழைய இதழ்க் கட்டுகள் போதும். தமிழகத்தில் வெகுசன இசை ஆல்பங்களைத் தனியே எடுத்து மதிப்பிடும் இதழ் மரபு வேரூன்றவில்லை. ஆனால் மின்னணு இசை மட்டும் தமிழ்க் காதுகளுக்குள் முழுமையாகக் குடியேறிவிட்டது. அப்படியானால் அதை ஏற்ற தீர்ப்பு எங்கே எழுதப்பட்டது?

மெல்லிசைக் கச்சேரி மேடையில்தான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். களம், சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம். காலம், 1986 முதல் இன்றுவரை. பதிவான இசையைவிட, பதிவான பின் அதற்கு ஊரில் என்ன நேர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. எழுத்து விமர்சனத்தின் இடம்

தமிழில் இசை விமர்சனம் உண்டு. ஆனால் அது சபா வாசலோடு நின்றது. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதிய காலத்திலிருந்து சுப்புடுவின் காலம்வரை, வித்வானின் சுருதியும் நிரவலும் வரிவரியாக அலசப்பட்டன. திரையிசைக்கு அந்தக் கவனிப்பு கிட்டவில்லை. விகடன் படங்களுக்கு மதிப்பெண் போட்டது. அந்த விமர்சனத்தில் பாட்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஓரிரு வரிகள். ஒரு பாட்டின் பேஸ் கிட்டார் எங்கே திரும்புகிறது, தாளத்தை ஆள் வாசித்தாரா இயந்திரம் வாசித்ததா என்ற பேச்செல்லாம் அச்சுக்கு வெளியே, டீக்கடையிலும் கேசட் கடையிலும் நடந்தது.

கேசட் பதிவுக்கடை தன் அளவில் ஒரு விமர்சன மன்றம். 60 நிமிட டேப்பில் ஏறக்குறைய ஒரு டஜன் பாட்டுகள் அடங்கும். கேட்பவர் தாளில் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை அடித்தாக வேண்டும். நட்சத்திரக் குறி போடும் விமர்சகருக்கு இல்லாத நெருக்கடி இது. விருப்பத்தைக் காசு கொடுத்து உறுதி செய்யும் தேர்வு.

3. இரண்டு திருப்பங்கள்

3.1. 1986

அந்த ஆண்டு வெளியான ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ ஆகிய இரண்டிலும் இளையராஜா மின்னணு ஒலியைத் துணிந்து கையாண்டார். ‘புன்னகை மன்னன்’ இசையில் கணினியும் சீக்வென்சரும் பயன்பட்டது இந்தியத் திரையிசையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. அதற்கு 3 ஆண்டு முன்புதான், 1983-இல், மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி முறை உலகச் சந்தைக்கு வந்திருந்தது. யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்ததும் அதே ஆண்டில்தான். புதிய கருவி தமிழுக்கு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்ற பொதுக் கருத்து இங்கே பொருந்தவில்லை.

ரசிகர் இதற்கு ‘கம்ப்யூட்டர் மியூசிக்’ என்று பெயர் வைத்தனர். அந்தப் பெயரில் வியப்பும் இருந்தது, ஐயமும் இருந்தது. எனினும் எதிர்ப்பு வலுக்கவில்லை; காரணம், ராஜாவின் மெட்டு அடியில் நின்றது. மெட்டை முணுமுணுக்க முடிந்தவரை மேலே எந்த ஒலி ஓடினாலும் தமிழ்க் கேட்போர் பொறுத்துக்கொண்டனர்.

3.2. 1992

இரண்டாவது திருப்பம் ‘ரோஜா’ படத்தின் இசை. ராக் குழுவிலிருந்து வந்தவரின் சிந்தசைசர் ஆல்பம் என்ற விவரிப்புக்குத் தமிழில் மிக அருகில் நிற்பது இதுதான். அதற்கு இசையமைத்த, திலீப் என்ற ஏ.ஆர். ரஹ்மான் சென்னையின் ‘நெமிசிஸ் அவென்யூ’ ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இளையராஜா உள்ளிட்டோருக்கும் வாசித்தவர். 1989-இல் கோடம்பாக்கம் வீட்டை ஒட்டி ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். பெரிய அரங்கில் பல கலைஞர்களைக் கூட்டி ஒரே மூச்சில் பதிவு செய்யும் வழக்கத்துக்கு மாறாக, அடுக்கடுக்காகச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, இரவெல்லாம் செதுக்கும் முறை அங்கிருந்து வந்தது.

ஆய்வாளர்கள் சுட்டும் வெற்றிச் சான்றுகள் இரண்டு: அறிமுகப் படத்துக்கே தேசிய விருது, 2005-இல் டைம் இதழின் சிறந்த பத்துத் திரையிசைப் பட்டியலில் இடம். ஊர்ப் பேச்சு இவ்வளவு நேர்கோட்டில் செல்லவில்லை. “வாத்தியம் பாட்டை அமுக்குது”, “வரி புரியல” என்பவை ஒருபுறம். “கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்” என்பது மறுபுறம். இந்த மறுமொழியைத் தமிழ் ரசனையின் புதிய இலக்கணம் எனலாம். முதல் முறை கேட்டதுமே ஒட்டிக்கொள்வதே நல்ல பாட்டு என்ற பழைய விதியை அது தளர்த்தியது. பாட்டுக்கு வாய்தா கொடுத்தது. ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி என்று ரசிகர் பிரிந்து மோதியதில் இரு தரப்பும் இடையிசையை நுணுகிக் கேட்கக் கற்றன. எழுதப்படாத விமர்சனம் அங்கே வளர்ந்தது.

4. மேற்குப் புறநகர்: மேடையின் தீர்ப்பு

4.1. களத்தின் இயல்பு

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்ததும் 1960-களில்தான். இவை பல மாவட்டத்தாரைக் கொண்டுவந்து குடியேற்றின. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிக்குச் சபா தூரம். கச்சேரி தெருமுனையிலேயே நடந்தது. திருவேற்காடு கருமாரியம்மன், மாங்காடு காமாட்சி ஆகிய பெரிய தலங்களைச் சுற்றித் தெருவுக்கொரு அம்மன் கோயில். ஆடியில் கூழ் வார்ப்பு, ஆயுத பூஜையில் ஆட்டோ ஸ்டாண்டு விழா, பொங்கலில் குடியிருப்போர் சங்க விழா என எதுவானாலும் இரவில் ‘ஆர்கெஸ்ட்ரா’ உண்டு.

4.2. மேடையில் நடப்பது

ஒரு குழுவின் கீபோர்டு கலைஞரை அருகே நின்று கவனித்தால் ஏற்பு எப்படி நிகழ்கிறது என்பது விளங்கும். கட்டைகளின் இடப்பாதியில் ஸ்ட்ரிங்ஸ், வலப்பாதியில் புல்லாங்குழல் என்று பிரித்து வைத்திருப்பார். டோன் எண்கள் எழுதிய துண்டுத்தாள் கருவியின் மேல் செலோடேப்பால் ஒட்டியிருக்கும். பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் அரைத் தாள இடைவெளியில் இடக்கை விரல் பொத்தானைத் தட்டிவிடும். குழல் இருந்த இடத்தில் ஷெனாய் வந்துவிடும். தட்டத் தவறினால் முன்வரிசை இளைஞர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு விவரமறிந்த சிரிப்பு. மூலப் பதிவில் அந்த இடத்தில் என்ன ஒலி வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

பக்கத்தில் ஆக்டோபேட். அதன் எட்டுத் தட்டுகளில் கிக், ஸ்னேர் தவிர பம்பை, உடுக்கை, தவில் ஒலிகளும் ஏற்றப்பட்டிருக்கும். எல்.ஆர். ஈஸ்வரி பாடிப் புகழ்பெற்ற அம்மன் பாடல்களில் ஒன்றை எடுத்ததும், வாசிப்பவர் குச்சியால் ரப்பர்த் தட்டை விரைந்து தட்ட, மைக்செட் வழியே உடுக்கை அதிர்கிறது. கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சாமி வருகிறது. வேப்பிலையும் மஞ்சள் நீரும் கொண்டு ஓடுகிறார்கள். ஒலி தோலிலிருந்து வந்ததா, சில்லிலிருந்து வந்ததா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. மின்னணு ஒலிக்கு இதைவிடப் பெரிய ஏற்புச் சான்றை எந்த இதழும் தர முடியாது.

4.3. மேடை நிராகரித்தது

அதே கூட்டம் ஒன்றை ஏற்பதில்லை. முன்பே பதிவு செய்த இசையைப் பெண்டிரைவில் ஓடவிட்டு, பாடகர் மட்டும் மைக் பிடித்தால், “டிராக் போட்டுப் பாடுறாங்கப்பா” என்ற பேச்சு கிளம்புகிறது. கூட்டம் கலையத் தொடங்குகிறது. ஒலியின் தரம் அப்போது கூடுதல்தான். ஆயினும் மதிப்பு குறைகிறது. மேடையில் ஒரு கை உழைக்க வேண்டும், அந்தக் கை தவறவும் கூடும் என்பதே நிபந்தனை. இயந்திரத்தின் மீது புறநகருக்குப் பகை கிடையாது. பகலெல்லாம் இயந்திரத்தோடு வேலை செய்த ஊர் அது. ஆள் இல்லாமல் ஓடும் இயந்திரத்துக்குக் கைதட்டத்தான் அதற்கு மனம் வரவில்லை.

5. மாற்றுத் தரப்பு

இந்த ஏற்புக்கு விலை கொடுத்தவர்கள் வாத்தியக் கலைஞர்கள். வயலின் வரிசைகளும் பித்தளைக் கருவிகளும் செய்த வேலையின் பெரும்பங்கைக் கீபோர்டு எடுத்துக்கொண்டபோது, கோடம்பாக்கத்தில் பலருக்கு ஒலிப்பதிவு அழைப்புகள் குறைந்தன. புறநகர் மேடையிலும் இதே கணக்குதான். அக்கார்டியன், டிரம்பெட், வயலின், பாங்கோஸ், தபலா என ஒரு வேன் நிறைய வந்த குழு, கீபோர்டு, பேடு, கிட்டார் என்று சுருங்கியது. விழாக்குழு கொடுக்கும் தொகையைக் குறைவான பேர் பிரித்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். ஆகவே மின்னணு இசையின் வெற்றியை ரசனை மாற்றம் என்று மட்டும் எழுதுவது பாதிக் கதை; மீதிப் பாதி கூலிக் கணக்கு.

6. ஒப்பீடு

6.1. இந்த மேடைத் தீர்ப்போடு ஒப்பிட மூன்று சான்றுகள் உண்டு. முதலாவதாக, ராடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழு 2000 அக்டோபரில் ‘கிட் ஏ’ ஆல்பத்தை வெளியிட்டது. கிட்டாரை ஒதுக்கி மின்னணு ஒலிக்குள் அது இறங்கியதால் விமர்சகர் இரண்டுபட்டனர். ‘மெலடி மேக்கர்’ இதழ் வெறும் ஒன்றரை நட்சத்திரம் தந்தது. ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழ் பத்துக்குப் பத்து தந்தது. பின்னர் அது அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அங்கே தீர்ப்பு திருத்தப்பட்டதும் எழுத்தில்தான்.

6.2. மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் ஜுபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மின்னணுக் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்தார். எச்.எம்.வி. வெளியிட்டது, விலைபோகவில்லை. 2010-இல் மறுவெளியீடு கண்டபோது, பின்னாளில் சிகாகோவில் பிறந்த ஆசிட் ஹவுஸ் இசைக்கு இது முன்னோடிபோல் ஒலிக்கிறதே என்று உலகம் வியந்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகள் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு மேடை இல்லை. இசைத்தட்டு சேகரிப்போரே அதை மீட்டனர்.

6.3. நம் காலத்துச் சென்னை இண்டி (திரை சாராத தனியிசை) குழுவான ‘தி எஃப்16ஸ்’ மூன்றாம் சான்று. 2012-இல் உருவான இக்குழு 2016-இல் ‘ட்ரிகர்புங்க்டே’ ஆல்பத்தையும், 2019-இல் ‘வீக்எண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ தொகுப்பையும், 2021-இல் ‘இஸ் இட் டைம் டு ஈட் தி ரிச் யெட்?’ தொகுப்பையும் தந்தது. கிட்டார் ராக்கும் சிந்தசைசர் பாப்பும் கலந்த ஆங்கிலப் பாடல்கள். 2008 முதல் வெளிவரும் ரோலிங் ஸ்டோன் இந்தியா போன்ற ஆங்கில இதழ்களின் வட்டமே இத்தகைய குழுக்களுக்கு விமர்சனக் களம். மதுக்கூடமும் இசைவிழாவும் மேடை. அண்ணாநகர் தாண்டிப் பாடிப் பாலம் ஏறினால் இந்த வட்டம் முடிந்துவிடுகிறது. மொழி ஒரு காரணம். இன்னொன்று, இவ்வகைப் பாடலை அக்குழுவே பாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. திரைப்பாட்டை எந்த ஊர்ப் பாடகரும் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். அங்கே பொதுச்சொத்து, இங்கே கையெழுத்து.

தமிழில் பாடும் தனியிசைக் குழுக்களின் நிலை வேறு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவையும் பறையையும் எலெக்ட்ரிக் கிட்டாரோடும் ராப்போடும் சேர்த்தது. மேற்குப் புறநகரில் சாவு வீட்டிலும் மின்சார ரயில் பெட்டியிலும் கானா கேட்டு வளர்ந்தவருக்கு அந்த இசையில் நுழைய எவர் பரிந்துரையும் தேவைப்படவில்லை.

7. முடிவுகள்

(அ) தமிழ்ச் சூழலில் மின்னணு இசையின் வரவேற்பை அச்சு விமர்சனத்தைக் கொண்டு மட்டும் அளந்தால், வரவேற்பே இல்லை என்ற பிழையான முடிவுக்கு வருவோம்.

(ஆ) கேட்போர் விதித்தவை இரண்டு நிபந்தனைகள்: மெட்டு வாய்க்கு அடங்க வேண்டும்; மேடையில் அதை ஒரு மனிதக் கை வாசிக்க வேண்டும். இவை நிறைவேறினால் ஒலியின் பிறப்பிடம் கேட்கப்படுவதில்லை.

(இ) ஏற்பு என்பது அழகியலோடு பொருளாதாரமும் சேர்ந்தது. கீபோர்டை மேடையேற்றியதில் ரஹ்மானுக்குள்ள பங்கு விழாக்குழுப் பொருளாளருக்கும் உண்டு.

(ஈ) இண்டி குழுக்களின் ஆல்பங்களை மதிப்பிடுவோர் ஒலிநயம், புதுமை, வரிகளின் கூர்மை ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்றையும் கேட்கலாம்: இதை வேறொருவர், வேறோர் ஊரில், இரவல் கீபோர்டில் வாசிக்க முடியுமா? ‘முடியாது’ என்பது குறையாகிவிடாது. ஆனால் சென்னையில் பிறந்த ஓர் ஆல்பம் அம்பத்தூர் ஓ.டி.க்கு ஏன் வந்து சேரவில்லை என்பதை விளக்க அந்தப் பதில் உதவும்.