மணல் காத்த ஊர்... மணல் மறிக்கும் ஊர்! மணப்பாடு போயிருக்கீங்களா?

திருச்செந்தூர் போறவங்க பெரும்பாலும் முருகனைத் தரிசிச்சுட்டு, நாழிக்கிணறுல குளிச்சுட்டு, ஊருக்கு பஸ் ஏறிடுவாங்க. அடுத்த முறை அரை நாள் கூடுதலா ஒதுக்கிக்கோங்க. கன்னியாகுமரி போகும் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர் போனால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் குன்றும் அதன் உச்சியில் ஒரு வெள்ளைத் தேவாலயமும் கண்ணில் படும். அதுதான் மணப்பாடு. 2013-ல் வெளிவந்த மணிரத்னத்தின் 'கடல்' படத்தைப் பார்த்தவர்களுக்கு, 'இந்த இடத்தை எங்கேயோ பார்த்திருக்கோமே' என்று தோன்றும். படத்தின் பல காட்சிகள் எடுக்கப்பட்டது இங்கேதான்.

குன்றுதான் ஊருக்குக் காவல்

மணப்பாட்டின் கதை முழுக்க அந்தக் குன்றில்தான் இருக்கிறது. வைகாசி தொடங்கி சில மாதங்களுக்கு, தெற்கும் மேற்குமாகக் கச்சான் காற்று சுழற்றியடிக்கும். அப்போது குன்றின் மறைவில் இருக்கும் கடல் மட்டும் ஓரளவு அடங்கியே இருக்கும். அந்த முனையிலிருந்து நாக்கு மாதிரி நீளும் மணல் திட்டுக்கு உள்ளே, கருமேனியாறு கடலைத் தொடும் இடத்தில், குளம் போலத் தண்ணீர் தேங்கி நிற்கும். யாரும் கட்டாமலேயே அமைந்த துறைமுகம் இது. கட்டுமரம், வள்ளம், தோணி என்று தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து ஒதுங்கியிருக்கின்றன.

முத்தும் சிலுவையும்

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள் பரதவர்கள். முத்துக்குளிக்கும் உரிமைக்காக நடந்த மோதல்களில் நெருக்கடிக்கு ஆளான அவர்கள், கொச்சியில் இருந்த போர்ச்சுக்கீசியர்களிடம் பாதுகாப்பு கேட்டார்கள். அதையொட்டி 1530-களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 

1542-ல் இந்தக் கரைக்கு வந்தார் பிரான்சிஸ் சவேரியார். குன்றின் கடல்புறத்தில் அவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகையை இன்றும் பார்க்கலாம். அவருக்கு முன்பு அது ஒரு சைவத் துறவி வாழ்ந்த குகை என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சின்னக் கிணறு. வெளியே அலை அடித்துக்கொண்டிருக்க, உள்ளே கிணற்றை எட்டிப் பார்க்கும் அனுபவமே தனி.

1544-ல் கன்னியாகுமரிப் பக்கத்தில் படையெடுப்புக்குப் பயந்த மக்கள், கடலில் இருக்கும் பாறைகளில் போய் ஒளிந்துகொண்டார்கள். அவர்களுக்காக 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து கிளம்பினார் சவேரியார். எதிர்க்காற்றில் தோணிகளை நகர்த்த முடியாமல் திரும்பி வந்ததை அவரே கடிதமாக எழுதியிருக்கிறார். கச்சான் நேரத்தில் தெற்கே படகு விட்டவர்களுக்கு அந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

குன்றின் உச்சியில் இருப்பது திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிய ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவர் உயிர் பிழைத்தால் சிலுவை நடுவதாக வேண்டிக்கொண்டார், கரை சேர்ந்ததும் உடைந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆலயம் எழுந்தது 1581-ல். ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கும் திருவிழாவின் முக்கிய நாள் 14-ம் தேதி. அன்று குன்று முழுக்க மனிதத் தலைகள்தான்! ஊருக்குள் தூய ஆவி ஆலயம், யாகப்பர் ஆலயம் என்று இன்னும் இரண்டு ஆலயங்கள் இருக்கின்றன.

தெருக்களில் நடக்கும்போது அகலமான, உயரமான பழைய வீடுகளைக் கவனியுங்க. 'மீனவ கிராமத்துல இவ்வளவு பெரிய வீடா?' என்று கேட்கத் தோன்றும். இலங்கையோடு நடந்த வியாபாரம் கொண்டுவந்த வசதி அது.

இப்போ என்ன பிரச்னை?

ஊரைக் காத்த அதே மணல்தான் இன்று படகை மறிக்கிறது. கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. ஆற்றில் மழைக்காலத்தில்தான் நீர்வரத்து. மற்ற நாள்களில் மணலைத் தள்ளிவிட வேகம் இருப்பதில்லை. கடலிலிருந்து மீனோடு திரும்பும் ஃபைபர் படகு, வீட்டுக்குப் பக்கத்தில் வந்து மணல் திட்டில் தட்டினால், அடுத்த அலையிலேயே கவிழ்ந்துவிடலாம். படகு, வலை, இன்ஜின் எல்லாம் போய்விடும். சில நேரம் உயிரும்.

அதனால்தான் முகத்துவாரத்தைத் தூர்வாருங்க, தூண்டில் வளைவு கட்டுங்க என்று மீனவர்கள் கேட்கிறார்கள். ஆனால், தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்தால் மறுபக்கம் கரை அரிக்கும். பக்கத்து ஊருக்கும் சேர்த்து யோசித்துத்தான் கல்லைப் போட வேண்டும். நாம் போட்டோ எடுக்கும் அழகான மணல் திட்டு அவர்களுக்குக் கவலை என்பதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

பக்கத்தில் என்னென்ன?

* குலசேகரன்பட்டினம்: முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி, குறவன், குரங்கு என்று வேடமிட்டு வரும் பக்தர்கள் கூட்டம் அலைமோதும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கான இடமும் இதுதான்.

* உடன்குடி: 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பனங்கருப்பட்டி. வீட்டுக்கு ஒரு கிலோவாவது வாங்காமல் திரும்பாதீங்க.

* தேரிக்காடு: செக்கச் சிவந்த மணல் மேடுகள். காலையிலேயே போய்விடுவது நல்லது.

* உவரி: அந்தோணியார் ஆலயமும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே ஊரில். 'கொற்கை' நாவலுக்காக சாகித்ய அகாடமி விருது பெற்ற ஜோ டி குரூஸின் சொந்த ஊர்.

போறதுக்கு முன்னாடி...

ரயிலில் வந்தால் திருச்செந்தூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் அல்லது ஆட்டோ பிடிக்கலாம். ஊருக்குள் பெரிய ஹோட்டல்களை எதிர்பார்க்க வேண்டாம். தங்குவதற்குத் திருச்செந்தூர்தான் வசதி. டிசம்பர் முதல் மார்ச் வரை வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். குன்றைச் சுற்றி அலை வேகமாக இருக்கும். குழந்தைகளோடு போனால் பாறைப் பக்கம் இறங்க விடாதீங்க. வழிபாட்டு நேரத்தில் ஆலயத்துக்குள் செல்ஃபி வேண்டாம். பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் பெண்களிடம் பேரம் பேசாமல் ஒன்று வாங்கிக்கோங்க.

காலையில் படகு கரையேறும்போது அங்கே போய் நில்லுங்க. மீனவர் பேச்சில் 'பாடு' என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். "அண்ணே, இன்னைக்குப் பாடு எப்படி?"ன்னு கேட்டுப் பாருங்க. சீலாவோ சாளையோ, வலையில் விழுந்ததைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அப்படியே முகத்துவாரம் இப்போ எப்படி இருக்குன்னும் கேளுங்க. வழிகாட்டிப் பலகை எதுவும் சொல்லாத மணப்பாட்டை அவர் உங்களுக்குச் சொல்லுவார்.