ஓமத்தண்ணியும் 'கேஸ்' என்கிற நெஞ்சுவலியும்: ஒரு வரலாற்று இழை

1/

எங்க ராமநாதபுரம் சீமையில் எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் ஓமம், பெருங்காயம், சீரகம், சுக்கு நாலும் இருக்கும். வயிறு உப்புசம், பொருமல், "வாயு" என்றாலே அப்பத்தா கை அந்த டப்பாக்களுக்குத்தான் போகும்.
இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? எதுவரை மருந்து? எங்கே நிறுத்தணும்?
கொஞ்சம் நீளமான இழை. கடைசிப் பகுதியை மட்டும் விட்டுறாதீங்க.

2/
முதல்ல 'கேஸ்' என்கிற சொல். இது சுமார் 400 வயசுள்ள சொல். வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து இதை உருவாக்கினார். 1648-ல், அவர் இறந்த பிறகு, அவருடைய மகன் வெளியிட்ட நூல் வழியாக அது உலகமெங்கும் பரவியது.
நம்ம சித்த மருத்துவமோ பத்து வாயுக்களைக் கணக்கு வைத்திருக்கிறது. அதில் கீழ்நோக்கிப் போவது 'அபானன்'. மலம், சிறுநீர், காற்று வெளியேறுவது எல்லாம் அதன் பொறுப்பு. பெயர்தான் வேற. மனுஷன் பட்ட பாடு ஒண்ணுதான்.

3/
அடுத்து பெருங்காயம். நம்ம சாம்பாரின் உயிரே இதுதான் என்கிறோம். ஆனால் இந்தச் செடி தமிழ்நாட்டில் விளைவதில்லை. ஈரான், ஆப்கானிஸ்தான் மலைப்பகுதிச் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால்தான் பெருங்காயம்.
இந்தியாவில் இதைப் பயிரிடும் முயற்சியே 2020 அக்டோபரில்தான், இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அதுவரை நாம் பயன்படுத்தியது எல்லாமே வெளியிலிருந்து வந்த சரக்கு.

4/
வெளிநாட்டுச் சரக்கு எங்க கரைக்குப் புதுசு இல்லை. கீழக்கரை பக்கத்திலுள்ள பெரியபட்டினத்தில் தோண்டினால் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைக்கின்றன. பாண்டிய நாட்டுக் கரைக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலில் குதிரைகள் வந்ததை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.
ஆக, 'வீட்டு வைத்தியம்' என்று நாம் சொல்வது வீட்டுக்குள்ளேயே பிறந்தது அல்ல. அஞ்சறைப் பெட்டிக்குள் பல தேசங்கள் இருக்கின்றன.

5/
இப்போ கதாநாயகன் ஓமம்.
ஓமத்தைக் கசக்கி மோந்து பார்த்தால் மூக்கில் ஏறும் காரமான வாசனை 'தைமால்' என்ற பொருளுடையது. நாட்டு மருந்துக் கடையில் 'ஓம உப்பு' என்று கேட்டால் கிடைக்கும் படிகம் இதுதான். சில மவுத்வாஷ்களிலும் இது இருக்கிறது.
குடல் தசை இறுகிப் பிடித்திருப்பதைத் தைமால் தளர்த்துவது ஆய்வகச் சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. சிக்கிய காற்று மேலேயோ கீழேயோ வழி கண்டுபிடித்துப் போகிறது. அப்பத்தா சொன்னது சும்மா இல்லை.

6/
இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் எடுக்குது.
முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குப் போனது. அங்கே அதிலிருந்து தைமால் வடித்து உலகத்துக்கு விற்றார்கள். 1914-ல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. தைமால் விலை எகிறியது. அதன் பிறகுதான் இந்தியாவிலேயே வடிக்கும் முயற்சிகள் வேகம் பிடித்தன.
வயித்து வலி மருந்துக்கு இவ்வளவு கிராக்கியா? இல்லை. தைமால் அன்றைக்குக் கொக்கிப்புழுவுக்கு முக்கிய மருந்து.

7/
அதே 1914-ல்தான் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை போன நம் மக்கள் பல்லாயிரம் பேர் இந்த வழியாகத்தான் போனார்கள்.
போகும் முன் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்க வைப்பார்கள். காலரா இருக்கிறதா என்று கண்காணிப்பார்கள், அம்மை குத்துவார்கள். பிற்பாடு கொக்கிப்புழு சிகிச்சையும் இதில் சேர்ந்தது.
செருப்பில்லாத காலில் ஏறி, குடலில் தங்கி, ரத்தத்தைக் குடித்து ஆளை வெளுக்க வைத்த புழு அது.

8/
தைமால் புழுவைக் கொன்றது உண்மை. ஆனால் அந்த அளவில் கொடுத்தபோது ஆளையும் படுத்தியது. மருந்தோடு பேதி உப்பு கொடுத்து உடனே வெளியேற்ற வேண்டும். சாராயமோ எண்ணெய்ப் பலகாரமோ சேர்ந்தால் மருந்து உடம்பில் அதிகமாக ஏறிவிடும். அப்படி உயிர் போன சம்பவங்களும் உண்டு. அதனால்தான் பிறகு வேறு மருந்துகள் வந்து தைமாலை ஓரங்கட்டின.

9/
இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு.
ஒரு சிட்டிகை ஓமம் ஆறுதல். அதையே வடித்துச் செறிவாக்கினால் விஷமாகவும் ஆகும். "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது" என்பது தவறு.
ஓம உப்பையோ ஓம எண்ணெயையோ உள்ளுக்குக் கொடுக்காதீங்க. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.
கைக்குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. ஓமத்தண்ணியும் வேண்டாம், உரை மருந்தும் வேண்டாம். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வுட்வர்டு தயாரித்த கிரைப் வாட்டரில் சாராயமும் இருந்தது. அந்த நாட்டில் அதை முழுசாக நீக்க 1992 ஆனது!

10/
சரி, கேஸ் வருவது நோயா?
இல்லை. ஆரோக்கியமான ஆளுக்கும் ஒரு நாளைக்குப் பத்து இருபது முறை காற்று பிரியும். பருப்பு, பயறு, கொண்டைக்கடலையில் உள்ள சில சர்க்கரைகளை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று காற்றை உண்டாக்குகின்றன.

11/
வீட்டில் என்ன செய்யலாம்?
- பயறை இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேக வைங்க.
- அவசர அவசரமா விழுங்காதீங்க. சோற்றோடு காற்றும் உள்ளே போகுது.
- சாப்பிட்டதும் படுக்காம பத்து நிமிஷம் நடங்க.
- அரை டீஸ்பூன் ஓமத்தை ஒரு டம்ளர் தண்ணியில் கொதிக்க வைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பா குடிங்க. சீரகத்தண்ணி, பெருங்காயம் போட்ட நீர்மோரும் நல்லதுதான். (கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஓமத்தண்ணி குடிக்க வேண்டாம்.)
- பால் குடித்தால் மட்டும் உப்புசம் என்றால் பாலை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க.

12/
கோலி சோடா?
"குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, கேஸ் போச்சு" என்பார்கள். வெளியே வந்தது பெரும்பாலும் நீங்க குடிச்ச சோடாவில் இருந்த காற்றேதான்!
சிரிப்புக்காகச் சொல்லலை. இந்த ஏப்பம்தான் பல பேரை ஏமாத்துது.

13/
பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவர். ஐம்பது வயசு இருக்கும். விடியற்காலையில் கடலிலிருந்து கரை ஏறும்போதே மேல்வயித்தில் அடைப்பு, குப்புன்னு வியர்வை. "ராத்திரி சாப்பாடு சேரலை" என்று ஓமத்தண்ணி குடித்தார். கேட்கலை. சோடா குடித்தார். ஏப்பம் வந்தது, கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. படுத்துட்டார்.
எங்ககிட்ட வரும்போது அஞ்சு மணி நேரம் ஆகியிருந்தது. ஈசிஜி எடுத்தால் பெரிய மாரடைப்பு. உயிர் தப்பினார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போச்சு. இப்போ பழையபடி வலை இழுக்க முடியலை.

14/
ஏன் இந்தக் குழப்பம்?
இதயத்தின் வலியைக் கொண்டுபோகும் நரம்புகளும் உணவுக்குழாய், இரைப்பையின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. வலி எங்கிருந்து வருதுன்னு மூளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியலை. இதயத்தின் அடிப்பாகத்தில் அடைப்பு என்றால் குமட்டல், ஏப்பம், மேல்வயிற்று வலி எல்லாமே வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரலாம்.
ஆகவே ஏப்பம் வந்தது, கேஸ்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை.

15/
இவை இருந்தால் ஓம டப்பாவைத் தொடாதீங்க:
- நெஞ்சு அல்லது மேல்வயித்தில் அழுத்தம், பாரம்
- இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி
- குப்புன்னு வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம்
- நடந்தால் கூடி, நின்றால் குறையும் 'கேஸ்'
உடனே 108. நடக்காதீங்க, பைக் ஓட்டாதீங்க. 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு இதயம் மிஞ்சும்.

16/
இன்னும் சில: எடை குறைதல், மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பு மலம், விடாத வாந்தி, நாற்பது வயசுக்கு மேல் புதுசா ஆரம்பித்து மூணு வாரமாகத் தீராத உப்புசம். இதுக்கெல்லாம் வீட்டு வைத்தியம் போதாது. மருத்துவரைப் பாருங்க.

17/
கடைசியா ஒண்ணு.
அப்பத்தாவைக் குறை சொல்ல நான் இதை எழுதலை. ராமேசுவரம் தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988-ல்தான். அதற்கு முன் நடுராத்திரி நெஞ்சு அடைத்தால் ரயிலுக்கோ படகுக்கோ காத்திருக்கணும். கையில் இருந்தது ஓமம்தான். அதைக் கொடுத்தாங்க. அன்றைக்கு அதுதான் அறிவு.
இன்றைக்குப் பாலம் இருக்கு, 108 இருக்கு, ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. இன்னமும் ஓமத்தண்ணியோடு விடியும்வரை காத்திருந்தால் அது அறிவு இல்லை.
வயித்து வாயுவுக்கு ஓமம். நெஞ்சு அடைப்புக்கு ஈசிஜி.
வீட்டுப் பெரியவங்களுக்கு இதை வாசிச்சுக் காட்டுங்க.