நியமனத்தில் வந்த ஆட்சி: இராஜாஜி, 1952–54

சேர்வராயன் மலையடிவாரத்துச் சேலம்தான் இராஜாஜியின் அரசியல் தொடங்கிய ஊர். 1900இல் இங்கே வக்கீல் தொழிலில் இறங்கியவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் ஒருவர் அந்த நகராட்சியில் முதன்முறையாக உறுப்பினரானது அவருடைய முயற்சியால்தான். 1937இல் மாகாணப் பிரதமரானபோது மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். அப்படிப்பட்டவர் 1954இல் சாதியைக் காக்க வந்தவர் என்ற பழியோடு பதவி விலகினார். குலக்கல்வித் திட்டம்தான் காரணம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது பொய்யல்ல. ஆனால் வீழ்ச்சியின் வித்து, அவர் பதவிக்கு வந்த விதத்திலேயே விழுந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1952 தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகளும் பிறரும் ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் ஓரணியாகத் திரண்டார்கள். தேர்தலில் நிற்கவே நிற்காத இராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்து ஆட்சியமைக்க அழைத்தார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி தொடுத்த வழக்கு உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார், ஆட்சிக்குப் பெரும்பான்மை சேர்ந்தது. ஆக, ஓட்டுக் கேட்டு மக்கள் முன் நிற்காமலேயே கோட்டைக்கு வந்தவர் அவர். உத்தரவு போட்டால் நடக்கும் காரியங்களில் அது குறையாகத் தெரியவில்லை. உணவுக் கட்டுப்பாட்டை 1952 ஜூனில் துணிந்து நீக்கினார், மக்கள் வரவேற்றார்கள்.

பள்ளிக்கூடம் அப்படிப்பட்டதல்ல. 1953இல் குலக்கல்வித் திட்டத்தின்படி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாயிற்று. காலையில் ஒரு தொகுதிப் பிள்ளைகள், பிற்பகலில் இன்னொரு தொகுதி. மீதி நேரத்தில் தகப்பனார் தொழிலைப் பழக வேண்டும். இதைச் சேர்வராயன் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். கலெக்டர் காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த பிறகு இங்கே தோட்டங்கள் பெருகின. தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் கூலிக்காரரின் மகன் பிற்பகலில் பழக வேண்டிய தொழில் எது? நிலம் முதலாளியுடையது, விலையும் அவர் கையில். பிள்ளைக்குக் கிடைப்பது கைத்தொழில் அல்ல, கூலிவேலைதான். தச்சர், குயவர் குடும்பங்களை மனத்தில் வைத்து வரைந்த திட்டம் இத்தகைய பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவில்லை. பெற்றோரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

காந்தியின் ஆதாரக் கல்வியும் தொழிலைத்தானே வற்புறுத்தியது என்று கேட்கலாம். அங்கே தொழில் பள்ளிக்குள், ஆசிரியர் முன்னிலையில் நடந்தது. எந்தச் சாதிப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் கற்கலாம். இங்கே பிறந்த வீடே பாடசாலை. பணமில்லை, பள்ளிக்கு வெளியே இலட்சக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள் என்ற நியாயம் கனமானது. திட்டத்தை ஆராய அமைத்த பருலேகர் குழுகூட அதை ஆதரித்தது. ஆனால் அதே ஏழை மாநிலத்தில் அடுத்து வந்த காமராசர் பள்ளிகளைப் பெருக்கி, மதிய உணவும் போட்டார். வேறு வழியே இல்லை என்ற வாதம் அதோடு அடிபட்டுப் போகிறது. பெரியாரும் தி.மு.க.வும் இராஜாஜியின் திட்டத்தைத் தெருவில் எதிர்த்தார்கள். 1953 ஜூலையில் சட்டசபையே ஏறக்குறையச் சரிபாதியாகப் பிளந்தது. எனினும் எதிர்ப்பு மட்டுமே அவரை இறக்கிவிடவில்லை என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. காங்கிரசு படுதோல்வி கண்டிருந்த அந்தப் பகுதியின் உறுப்பினர்களும் பிரகாசமும் போனதும், சென்னையில் எதிரணி மெலிந்தது. நெருக்கடிக்கென்று அழைத்துவந்த மனிதர் இனி கட்சிக்குத் தேவைப்படவில்லை. தேர்தலில் வென்று வந்த தலைவராக இருந்திருந்தால் தொகுதியும் தொண்டர்களும் தாங்கியிருப்பார்கள். அவருக்குத் தொகுதியே கிடையாது. உடல்நலத்தைக் காரணம் சொல்லி அவர் விலகியதும் நடந்த தலைவர் தேர்தலில், அவர் தரப்பில் நின்ற சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளே பெற்றார், காமராசருக்கு 93. அதே சுப்பிரமணியம்தான் காமராசரின் கல்வி மந்திரியாக 1954 மே மாதம் திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தார்.